பழ ஈ போத்தலுக்கு எந்த மூடி? காற்று போகவேண்டும், ஈ போகக்கூடாது

வீட்டுக்குள் பழ ஈ பறந்தால் அதை விரட்ட வழி தேடுவதே வழக்கம். அதே ஈயைப் போத்தலில் விட்டு, உணவு வைத்து வளர்ப்பவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். சண்டை மீனும் கப்பி மீனும் வளர்ப்போர், கும்பிடுபூச்சியையும் குதிக்கும் சிலந்தியையும் செல்லப்பிராணிகளாக வைத்திருக்கும் இளையோர், பள்ளி அறிவியல் விழாவுக்குச் செயல்திட்டம் தயாரிக்கும் மாணவர்கள் என்று பலருக்கும் இந்தச் சிறிய ஈ தேவைப்படுகிறது. நீரின் மேற்பரப்பில் விழும் பூச்சிகளைக் கவ்வி உண்பது சண்டை மீனின் இயல்பு. ஆகவே, உயிருள்ள பழ ஈ அதற்கு நல்ல உணவு. மீன் குஞ்சு பொரித்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் தோட்டப்புற, தாமான் இளைஞர்களுக்கு, வாழைப்பழத்தையும் ஓட்ஸையும் கொண்டு வீட்டிலேயே மீன் உணவு தயாரிக்க முடிவது ஒரு சேமிப்பு.

ஆனால், தொடங்கும் பலரும் முதல் மாதத்திலேயே கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மூன்றாம் நாள் பார்க்கும்போது போத்தலில் உள்ள ஈக்கள் மொத்தமாகச் செத்துக் கிடக்கும். இல்லையென்றால், இரண்டாம் வாரத்தில் சமையலறை முழுவதும் ஈ மொய்க்கும். வீட்டில் உள்ளவர்கள் போத்தலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். உணவுக் கலவையில்தான் ஏதோ கோளாறு என்று வளர்த்தவர் நினைப்பார். இந்த இரண்டு தோல்விகளுக்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது மூடி.

எந்தப் பழ ஈ?

நம் நாட்டில் பழ ஈ என்றால் இரண்டு வேறு பூச்சிகளைக் குறிக்கும். கொய்யா, மாம்பழம், பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் ஆகியவற்றை மரத்திலேயே துளைத்து முட்டையிடும் பெரிய ஈ ஒன்று. அதற்குப் பயந்துதான் பெலிம்பிங் தோட்டங்களில் காய்களைப் பிஞ்சிலேயே உறை போட்டுக் கட்டுகிறார்கள். அது பாக்ட்ரோசெரா இனம், விவசாயிகளின் எதிரி. அதை வீட்டில் வளர்க்கக்கூடாது.

இங்கே பேசப்படுவது டிரோசோபிலா. பழுத்து அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றி வட்டமிடும், சிவந்த கண்ணுள்ள, 2 முதல் 3 மி.மீ. நீளமுள்ள ஈ. மீன், பூச்சி வளர்ப்போர் இதில் இறக்கையற்ற அல்லது பறக்க முடியாத வகைகளை வாங்கி வளர்க்கிறார்கள். சிறியது டிரோசோபிலா மெலனோகாஸ்டர். சற்றுப் பெரியது டிரோசோபிலா ஹைடேய். எந்த வகையை வளர்க்கிறோம் என்பது மூடியைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியம். பெரிய ஈயைத் தடுக்கும் துளை வழியாகச் சிறிய ஈ வெளியேறிவிடலாம்.

போத்தலுக்குள் நடப்பது என்ன?

மூடியின் வேலையைப் புரிந்துகொள்ள, முதலில் போத்தலுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். மசித்த வாழைப்பழம், ஓட்ஸ் அல்லது உருளைக்கிழங்கு மாவு, சிறிது வினிகர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் ஆகியவை சேர்ந்ததே வழக்கமான உணவுக் கலவை. ஈக்குஞ்சுகள், அதாவது புழுக்கள், பழத்தோடு சேர்த்து அதில் பெருகும் ஈஸ்ட்டையும் தின்று வளர்கின்றன.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது கரியமில வாயுவை வெளியிடுகிறது. ரொட்டி மாவு உப்புவதும் இதனால்தான். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே, போத்தலின் அடியில், ஈக்களும் புழுக்களும் இருக்கும் இடத்திலேயே தேங்கும். ஆய்வுக்கூடங்களில் ஈக்களை மயக்கமடையச் செய்வதற்கே கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே சில நிமிடங்களுக்குச் செய்வது, மூடி அடைத்த போத்தலில் மணிக்கணக்கில் நீடித்தால் ஈக்கள் எழுந்திருக்கவே மாட்டா. முதல் இரண்டு மூன்று நாளில் ஈக்கள் கூட்டமாகச் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஈஸ்ட் வேலை செய்யும்போது சிறிது வெப்பமும் வெளிப்படும். ஈரக் கலவையிலிருந்து நீராவி எழும். அது வெளியேற வழியில்லாவிட்டால் போத்தலின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படியும். இறக்கை இல்லாத ஈ அந்தத் துளியில் ஒட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாது. பூஞ்சணமும் அந்த ஈரத்தில்தான் படரும்.

25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மெலனோகாஸ்டர் முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரியும். புழுவாக நான்கைந்து நாள், கூட்டுப்புழுவாக மேலும் நான்கைந்து நாள் என, பத்து நாளில் புது ஈ வெளிவரும். ஹைடேய் வகைக்குக் கூடுதல் நாள்கள் பிடிக்கும். கூட்டுப்புழுவாக மாறும் முன் புழுக்கள் ஈரமான கலவையை விட்டு வெளியேறி, உலர்ந்த இடம் தேடி மேலே ஏறும். அப்படி ஏறுபவை போத்தலின் சுவரில் மட்டுமல்ல, மூடியின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். அங்கேயுள்ள காற்றுத் துளைகளை அவை அடைத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூடிக்கு நான்கு வேலை

நல்ல மூடி ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்யவேண்டும். முதலாவது, கரியமில வாயுவை வெளியேற்றிக் காற்றை உள்ளே விடுவது. இரண்டாவது, மிகுதியான ஈரத்தை வெளியேற்றுவது. மூன்றாவது, ஈயை வெளியே விடாமல் காப்பது. நான்காவது, வெளியிலுள்ள காட்டு ஈ, எறும்பு, சிற்றுண்ணி ஆகியவற்றை உள்ளே விடாமல் காப்பது.

முதல் இரண்டுக்கும் பெரிய திறப்பு வேண்டும். அடுத்த இரண்டுக்கும் சிறிய துளை வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்தத் தேவைகளுக்குத் தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு துளையும் சிறியதாகவும், துளைகளின் மொத்தப் பரப்பு பெரியதாகவும் இருக்கவேண்டும்.

சிறு கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். நெகிழி மூடியில் 1 மி.மீ. அகலமுள்ள ஊசித்துளைகள் 20 போட்டால், அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 16 சதுர மி.மீ. திறப்புதான். 5 மி.மீ. அகலமுள்ள ஒரே ஒரு துளையைவிட அது குறைவு. மாறாக, மூடியின் நடுவில் 5 செ.மீ. அகலத்தில் வட்டம் வெட்டித் துணி ஒட்டினால் அதன் பரப்பு சுமார் 1,960 சதுர மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இழைகளுக்கிடையே திறந்திருந்தாலும் 650 சதுர மி.மீ. கிடைக்கும். ஊசித்துளைகளைவிட இது 40 மடங்கு. அதே நேரத்தில் துணியின் ஒவ்வொரு துளையும் ஊசித்துளையைவிட மிகச் சிறியது. காற்று கூடும், தப்பிக்கும் வழி குறையும்.

எந்த மூடி எப்படி?

ஊசித்துளை மூடி: தபாவ் டப்பாவின் மூடியில் ஊசியால் குத்துவதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. செலவில்லை, ஆனால் பலன் குறைவு. துளையைப் பெரிதாக்கினால் மெலனோகாஸ்டர் வெளியேறும். சிறிதாக்கினால் காற்று போதாது. புழுக்கள் மேலேறிக் கூடுகட்டியதும் இருக்கும் துளைகளும் அடைபடும். பெரிய ஹைடேய் வகையைக் குறைந்த எண்ணிக்கையில் சில நாள் மட்டும் வைத்திருக்க இது போதும். தொடர்ந்து வளர்ப்பதற்குப் போதாது.

கொசுவலை: காற்றோட்டம் மிக நன்றாக இருக்கும். ஆனால், கொசுவலையிலும் சன்னல் வலையிலும் உள்ள கண்கள் பொதுவாக 1 மி.மீ.க்கு மேல் அகலமானவை. கொசுவைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கண் வழியே சிறிய ஆண் பழ ஈ எளிதில் நுழைந்துவிடும். சன்னலில் வலை அடித்த வீட்டுக்குள்ளும் வாழைப்பழத்தை ஈ மொய்ப்பது இதனால்தான். இரண்டு அடுக்காக மடித்துப் போட்டாலும் நம்ப முடியாது.

ஆர்கன்சா துணி: சேலை, துடோங், பரிசுப் பை ஆகியவற்றுக்குப் பயன்படும் இந்த மெல்லிய துணியின் கண் மிகச் சிறியது. ஈ நுழையாது. நீரை உறிஞ்சாததால் விரைவில் காயும்; பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. துணிக்கடைகளிலும் தையல்கடைகளிலும் மிஞ்சிய துண்டே போதும். வீட்டில் மூடி செய்வோருக்கு ஏற்ற துணிகளில் இது முன்னணியில் நிற்கும். இதன் ஒரே குறை, அரை மி.மீ.க்கும் குறைவான சிற்றுண்ணியை இது நிச்சயமாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது என்பதே.

நெய்யாத துணி: முகக்கவசத்திலும் சில கடைப் பைகளிலும் இருக்கும் துணி இது. இழைகள் ஒன்றன்மீது ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருப்பதால், நேராக ஊடுருவும் துளை இல்லை. காற்று போகும், சிற்றுண்ணிக்கு நுழைவது கடினம். மூன்றடுக்கு முகக்கவசத்தை அப்படியே ஒட்டினால் காற்று குறையும். அடுக்குகளைப் பிரித்து, வெளிப்புற அடுக்குகளில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது நல்லது. பூச்சி வளர்ப்புக்கென விற்கப்படும் ஆயத்த மூடிகளிலும் இத்தகைய துணி ஒட்டப்பட்டிருக்கும்.

பருத்தித் துணி: பழைய வேட்டித் துண்டும் கைக்குட்டையும் வீட்டிலேயே கிடைக்கும். உலர்ந்திருக்கும்வரை அவை நல்ல மூடிதான். ஈரம் பட்டால் நூல் உப்பி, இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி அடைபடும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். பருத்தியைப் பயன்படுத்துவோர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் மாற்றவேண்டும்.

காபி வடிகட்டித் தாள்: காற்று விடும், சிற்றுண்ணியையும் ஓரளவு தடுக்கும். ஆனால், ஈரமானால் கிழிந்துவிடும். கிழிந்தது தெரியும்போது பாதி ஈக்கள் வெளியே இருக்கும்.

பஞ்சு அடைப்பு: வாய் குறுகிய போத்தலுக்குப் பஞ்சு உருண்டை மிகப் பழைய மூடி. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் 1910-ஆம் ஆண்டு வெண்ணிறக் கண்ணுள்ள பழ ஈயைக் கொண்டு மரபணு ஆய்வைத் தொடங்கியபோது, ஈக்கள் வளர்ந்தது பால் போத்தல்களில்தான். அந்த ஆய்வுகளுக்காக 1933-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் குழாய்களை அடைக்கப் பஞ்சும் நுரைப்பஞ்சும் பயன்படுகின்றன. வீட்டில் பயன்படுத்தும்போது பஞ்சை இறுக்கமாகச் சுருட்டி அடைக்கவேண்டும். தளர்வாக இருந்தால் ஈ ஓரத்தில் புகுந்துவிடும். ஒவ்வொரு முறை மீனுக்கு ஈ எடுக்கும்போதும் அடைப்பைக் கழற்றி மாட்டுவதால், தினமும் தீவனம் எடுப்பவர்களுக்கு இது வசதிப்படாது.

நம் வானிலையில் கவனிக்கவேண்டியவை

குளிர்நாட்டினர் தரும் ஆலோசனையை அப்படியே பின்பற்றினால் நம் வீட்டில் சரிவராது. அங்கே கலவை காய்ந்துபோவது பெரிய கவலை. ஆகவே சிறிய திறப்பே போதும் என்பார்கள். மலேசியாவில் மாதச் சராசரி ஈரப்பதம் பொதுவாக 70 முதல் 90 விழுக்காடுவரை இருக்கும். இங்கே கலவை காய்வதைவிட, போத்தல் வியர்ப்பதே அடிக்கடி நடக்கும். எனவே, ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கலனின் மூடியில் 5 முதல் 7 செ.மீ. அகலத் திறப்பு வைப்பது நல்லது.

குளிர்சாதன அறையில் வைப்போருக்கு நிலைமை வேறு. குளிர்சாதனக் கருவி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். அங்கே அதே மூடி கலவையை விரைவில் காய வைத்துவிடலாம். மூடியின் பாதியை ஒட்டுநாடாவால் மறைத்தால் போதும். புது மூடி செய்யத் தேவையில்லை.

வெப்பம் இன்னொரு பிரச்சினை. 30 பாகைக்கு மேல் தொடர்ந்து வளர்த்தால் மெலனோகாஸ்டரின் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். முட்டை இருக்கும், பொரியாது. துத்தநாகக் கூரை வீட்டின் அடுப்பங்கரை, காரின் பின்பகுதி, வெயில் படும் வராந்தா ஆகிய இடங்களில் எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் பயனில்லை. தரையோரம், காற்றோட்டமுள்ள நிழலான மூலை ஏற்றது. வெப்பத்தால் வேறொரு மாற்றமும் நிகழும். குறை இறக்கை கொண்ட ஒரு வகை ஈயை அதிக வெப்பத்தில் வளர்த்தால் அதன் இறக்கை சற்று நீளமாக வளரும் என்பது மரபணு ஆய்வில் பழைய செய்தி. ‘பறக்காத ஈ’ என்று வாங்கிய ஈயின் குஞ்சுகளுக்கு இறக்கை நீண்டிருந்தால், கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் போத்தல் இருக்கும் இடத்தின் வெப்பத்தைப் பார்க்கவேண்டும்.

ஒரே ஒரு காட்டு ஈ நுழைந்தால்

இறக்கையின்மை என்பது மரபணுவில் ஒடுங்கும் பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குஞ்சுக்கு இறக்கை இருக்காது. வாழைப்பழ வாசனைக்கு வந்த ஒரு சாதாரண ஆண் ஈ, மூடியின் ஓரம் வழியாக உள்ளே நுழைந்து இறக்கையற்ற பெண் ஈயோடு சேர்ந்தால், அந்தச் சேர்க்கையில் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் பறக்கும். பத்து நாள் கழித்து மூடியைத் திறக்கும்போது அவை ஒரே வீச்சில் சமையலறைக்குள் பறந்துவிடும்.

பறக்கும் ஈ அழுகிய பழத்திலும் குப்பையிலும் உட்கார்ந்துவிட்டு மூடாத சாப்பாட்டிலும் வந்து உட்காரும்; கிருமிகளைக் கொண்டு சேர்க்கும். வீட்டில் குழந்தைகளும் முதியோரும் இருந்தால் இது விளையாட்டல்ல. போத்தலில் இறக்கையுள்ள ஈ ஒன்று தெரிந்தாலும் அந்தப் போத்தலிலிருந்து புதுப் போத்தல் தொடங்கக்கூடாது. மூடியைத் திறக்காமல் முழுப் போத்தலையும் உறைபெட்டியில் ஒரு நாள் வைத்து, பின்னர் கழிப்பதே பாதுகாப்பானது.

மூடி செய்யும் முறை

அகன்ற வாயும் அழுத்திப் பொருந்தும் மூடியும் உள்ள, ஒரு லிட்டர் அளவுள்ள நெகிழிக் கலனைத் தேர்ந்தெடுக்கவும். நடுவில் எதையும் வெட்டுவதற்கு முன், அதில் நீர் ஊற்றி மூடித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கவும். ஓரத்தில் நீர் கசிந்தால் அந்தக் கலன் ஆகாது. ஈக்கள் நடுத் துணி வழியாகத் தப்புவதைவிட, சரியாகப் பொருந்தாத மூடியின் ஓரத்தில் தப்புவதே அதிகம். சூடான சாப்பாடு வைத்து வளைந்துபோன தபாவ் டப்பா பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறாது.

கசியாவிட்டால், மூடியின் நடுவில் 5 செ.மீ. வட்டம் வரைந்து கத்தியால் வெட்டவும். பிள்ளைகள் செய்வதானால் இந்தப் பகுதியைப் பெரியவர்கள் செய்து கொடுக்கவேண்டும். வட்டத்தைவிடச் சுற்றிலும் 1.5 செ.மீ. கூடுதலாக இருக்குமாறு துணியை வெட்டிக்கொள்ளவும். துணியை மூடியின் வெளிப்புறத்தில் வைத்து, சூட்டுப் பசையை வட்டம் முழுவதும் இடைவெளி விடாமல் தடவி ஒட்டவும். நான்கு மூலையில் மட்டும் புள்ளி வைத்து ஒட்டினால் இடையில் ஈ புகும். உட்புறத்தில் ஒட்டினால் புழுக்கள் துணியின் ஓரத்துக்குள் நுழைந்து பசையைத் தளர்த்திவிடும்.

வேறு பசை பயன்படுத்தினால் அதன் நெடி முற்றிலும் போகும்வரை, குறைந்தது ஒரு நாள், காற்றில் வைக்கவேண்டும். நெடியுள்ள மூடியை உடனே போட்டால் ஈக்கள் சாகலாம்.

கண்ணாடிப் போத்தல் வைத்திருப்போர், துணியை வாயின்மீது விரித்து இரண்டு ரப்பர் வளையங்களால் கட்டலாம். நம் வெப்பத்தில் ரப்பர் வளையம் இற்று அறுந்துவிடும் என்பதால் ஒன்று போதாது. நடுத் தகட்டைத் தனியாகக் கழற்றக்கூடிய திருகு மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. தகட்டுக்குப் பதிலாகத் துணியை வைத்து வளையத்தைத் திருகினால் போதும்.

ஈ விடுவதற்கு முன் மூன்று சோதனை

முதலில், மூடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். துணி முழுவதும் வெளிச்சம் ஒரே சீராகத் தெரியவேண்டும். பசை ஓரத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் அது ஓட்டை.

இரண்டாவது, துணியில் வாய் வைத்து ஊதவும். மறுபக்கம் வைத்த மெல்லிய தாள் அசைந்தால் காற்று போகிறது. அசையவில்லை என்றால் துணி அடர்த்தி அதிகம்.

மூன்றாவது, பத்துப் பதினைந்து ஈக்களை மட்டும் கலவை இல்லாத வெறுங்கலனில் விட்டு மூடி, அதை ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு மணி நேரம் வைக்கவும். தட்டில் ஒரு ஈ தெரிந்தாலும் மூடியைத் திருத்தவேண்டும். இருநூறு ஈயை விட்டுவிட்டு ஓட்டையைத் தேடுவதைவிட இது எளிது.

எறும்பு, சிற்றுண்ணி, கொசு

சமையலறை மேடையில் வரிசையாக ஓடும் சின்னஞ்சிறு எறும்புகள் ஊசித்துளை வழியாக நுழைந்து, ஒரே இரவில் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். துணி மூடி அவற்றைத் தடுக்கும். ஆனால், மூடிமீது கலவை சிந்தியிருந்தால் எறும்பும் காட்டு ஈயும் அங்கே கூடும். மூடியின் மேற்புறம் எப்போதும் துடைத்துச் சுத்தமாக இருக்கவேண்டும்.

சிற்றுண்ணி பழைய போத்தலிலிருந்து புதியதற்குப் பரவும். சுவரில் மாவு தூவியதுபோல் நகரும் வெண்பொடி தெரிந்தால் அது சிற்றுண்ணியாக இருக்கலாம். நான்கு வாரத்துக்கு மேல் எந்தப் போத்தலையும் வைக்காமல் கழிப்பதும், பழைய மூடியை வெந்நீரில் கழுவிக் காயவைக்காமல் புதுப் போத்தலுக்குப் போடாமல் இருப்பதும் இதற்குத் தடுப்பு.

சிலர் எறும்பைத் தடுக்கப் போத்தலைச் சோப்பு நீர் ஊற்றிய தட்டில் வைக்கிறார்கள். பயனுள்ள முறைதான். ஆனால், அந்த நீரை மறந்துவிட்டால் ஏடிஸ் கொசு வளரும் இடமாகிவிடலாம். வீட்டில் கொசுப்புழு வளர இடம் கொடுப்போர்மீது, 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே, தட்டு நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

டெங்கிக்காகப் புகையடிக்கும் நாளில் போத்தலை உள்ளறைக்கு மாற்றி, பெரிய நெகிழிப் பையால் மூடி, புகை அடங்கியதும் பையை எடுத்துவிடவேண்டும். காற்று விடும் மூடி பூச்சிமருந்தையும் உள்ளே விடும். கொசுவத்தியும் தெளிப்பு மருந்தும் அப்படித்தான். அறையில் கொசுவத்தி கொளுத்தும் வழக்கமுள்ளவர்கள் ஈப் போத்தலை வேறு அறையில் வைக்கவேண்டும்.

போத்தல் காட்டும் அறிகுறி

மூடி சரியா என்பதைப் போத்தலே சொல்லும். சுவரில் நீர்த்துளி வழிந்தால் திறப்பு போதவில்லை. கலவை ஓரம் சுருங்கி வெடித்தால் திறப்பு அதிகம். ஈக்கள் அடியில் அசையாமல் கிடந்து, மூடியைத் திறந்து காற்றுப் பட்டதும் எழுந்து நடந்தால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது. மூடியை மாற்றுவதோடு ஈஸ்ட்டையும் குறைக்கவேண்டும். ஒரு லிட்டர் கலனுக்குச் சில மணி ஈஸ்ட்டே போதும். கரண்டிக் கணக்கில் போட்டால் எந்த மூடியும் காப்பாற்றாது. கலவை 2, 3 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல், மேலே காற்றுக்கு இடம் விடவேண்டும். உள்ளே முட்டை அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் ஈக்கள் கலவையிலிருந்து மேலேறி நிற்கும். கூடுகட்டும் புழுக்களில் பலவும் மூடியை விட்டு அந்த அட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மூடியைத் திறப்பதற்கு முன் போத்தலின் அடியை மேசையில் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டினால் ஈக்கள் கீழே விழும். தேவையான அளவை மட்டும் மீன் தொட்டியில் கொட்டி உடனே மூடிவிடவேண்டும். தப்பியவற்றைப் பிடிக்க, ஒரு கிண்ணத்தில் வினிகரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி இரவில் வைத்தால் காலையில் பெரும்பாலானவை அதில் விழுந்திருக்கும். காலையில் அதையும் கொட்டிவிடவேண்டும்.

ஆயத்த மூடி வாங்குவோர் மூன்றை மட்டும் கேட்டுப் பார்த்து வாங்கினால் போதும்: தங்கள் கலனின் வாய் அளவுக்குப் பொருந்துகிறதா, துணி ஒட்டிய ஓரம் முழுவதும் பசை இருக்கிறதா, கழுவி மறுபடி பயன்படுத்த முடியுமா. ஒரே போத்தலை நம்பாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு போத்தல்களைத் தொடங்கி வைப்பது அனுபவமுள்ளோரின் வழக்கம். ஒன்றில் மூடி பழுதானாலும் மற்றொன்றில் ஈ இருக்கும். மீனும் பட்டினி கிடக்காது, வீட்டிலும் சண்டை வராது.